வளைந்த ஹெலி ஷாஃப்ட்: கோட்டம் எடுப்பதா, புதிது வாங்குவதா, லேத்தில் செய்வதா?

போன பங்குனியில் காரைக்குடியை அடுத்த புதுவயல் பக்கம், தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள் என் 450 ஹெலி விழுந்தது. ரேடியோ கண்ட்ரோலில் (ஆர்சி) பறக்கும் மாடல் ஹெலிகாப்டர் அது, 450 என்பது அதன் அளவு வகை. அதிக உயரம்கூட இல்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுகொண்டிருந்தது, பின்னாலிருந்து காற்று ஒரு தள்ளு தள்ளியதும் சரிந்து, கரையோரம் முளைத்திருந்த சீமைக்கருவேலங் கன்றில் பிளேடு பட்டு, அப்படியே தலைகீழாகத் தரையில் இறங்கிவிட்டது. கோடையில் கண்மாய்த் தரை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெடித்துக் காய்ந்து செங்கல் மாதிரி இருக்கும். பிளேடு இரண்டும் போனது அங்கேயே தெரிந்தது. மெயின் ஷாஃப்ட் மட்டும் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பிளேடு இல்லாமல் மோட்டாரை மெதுவாகச் சுற்றவிட்டேன். ரோட்டர் தலையின் உச்சி ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. சரி, ஷாஃப்ட் வளைந்துவிட்டது.

காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து எந்தக் கடையிலும் ஆர்சி ஹெலி உதிரிப்பாகம் கிடைக்காது. கூரியரில்தான் வர வேண்டும், வெளிநாட்டிலிருந்து என்றால் எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. ஆனால் லேத்துப் பட்டறைக்கு இங்கே பஞ்சமில்லை. புதுவயலில் இத்தனை அரிசி ஆலைகள் ஓடுகின்றன என்றால் அந்த ஆலைகளின் ஷாஃப்டுகளுக்குப் பெண்டு எடுக்க, பேரிங் மாற்ற, புதிதாகக் கடைந்து கொடுக்க ஆட்கள் இருந்துதானே ஆக வேண்டும். அதனால் எங்கள் பக்கத்தில் ஹெலி வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழி: வளைந்த தண்டை நிமிர்த்தி, அதாவது கோட்டம் எடுத்துப் போடுவது, காத்திருந்து புதிது வாங்கிப் போடுவது, லேத்தில் ஒன்று செய்துகொள்வது. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். எது எங்கே சரிப்படும் என்பதில் எனக்கு இப்போது திடமான கருத்து இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "ஷாஃப்ட் வளைஞ்சிருச்சு" என்று எல்லோரும் பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் ஒரு ஹெலியில் ஒரு ஷாஃப்ட் மட்டும் இல்லை. பெரிய பல்சக்கரத்திலிருந்து மேலே ரோட்டர் தலை வரை நிமிர்ந்து நிற்பது மெயின் ஷாஃப்ட். தலைக்குள் குறுக்கே ஓடி, இரண்டு பிளேடு கிரிப்புகளையும் இரு முனையில் பிடித்திருப்பது ஃபெதரிங் ஷாஃப்ட், ஸ்பிண்டில் என்றும் சொல்வோம். வாலில் குட்டியாக ஒன்று. மூன்றும் இரும்புத் தண்டுதான், மூன்றும் விழுந்தால் வளையும், ஆனால் மூன்றும் தாங்குகிற சுமை வேறு வேறு.

ஸ்பிண்டிலை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. 450 வகையில் 325 மி.மீ. கார்பன் பிளேடு ஒன்று சுமார் 33 கிராம் இருக்கும். தலை 2600 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அந்த 33 கிராம் பிளேடு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிற விசை கணக்குப் போட்டால் ஏறக்குறைய 50 கிலோ வருகிறது. அதாவது ஒரு முழு சிமெண்ட் மூட்டை. இந்தப் பக்கம் ஒரு மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மூட்டை, நடுவில் இழுத்துப் பிடித்திருப்பது சீவிய பென்சில் அளவுகூட இல்லாத அந்தத் தண்டும் அதன் முனைகளில் இருக்கும் மரையும்தான். 600 வகைக்குப் போனால், 120 கிராம் பிளேடு 2000 ஆர்பிஎம்மில் 180 கிலோவுக்கு மேல் இழுக்கும். இந்த மரையில் ஒரு முடி அளவு விரிசல் இருந்தால் கிரிப்போடு சேர்ந்து பிளேடு பறக்கும், 450இலேயே அதன் நுனி அப்போது மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

தேவகோட்டையில் ஒரு தம்பி. நல்ல கைவேலைக்காரர், ஸ்பிண்டிலை வைஸில் வைத்துப் பொறுமையாக நேராக்கி எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, உருட்டிப் பாத்துட்டேன், நேராத்தான் இருக்கு" என்றார். நேராகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் போட்டு வைத்து, மறுநாள் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டோம். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளைத் தூளில் ஈரக் கோடு போடும், பட்டறைகளில் பெரிய ஷாஃப்டுக்குச் செய்கிற பழைய சோதனைதான். மரை தொடங்குகிற இடத்தில், தோள் திரும்புகிற மூலையில், அரை வட்டத்துக்கு மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. வாட்ச் கடை லென்ஸை வைத்துப் பார்த்தபோது அது கீறல் இல்லை, விரிசல்தான் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. அப்போதே அதைக் கட்டரால் இரண்டாக வெட்டிப் போட்டார். ஸ்பிண்டில் வளைந்தால் புதிது. லேத்திலும் செய்யக் கூடாது, கோட்டமும் எடுக்கக் கூடாது, இதில் நான் யாருக்காகவும் இறங்கி வர மாட்டேன்.

வால் ஷாஃப்டும் அப்படியேதான். சின்னது, விலை குறைவு, வேகமோ மெயின் ஷாஃப்டைப் போல நாலைந்து மடங்கு. மாற்றிவிடுங்கள்.

ஆக, மூன்று வழியையும் வைத்து யோசிக்க மிஞ்சுவது மெயின் ஷாஃப்ட் ஒன்றுதான். அதற்கும் முன்னால் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும்.

கண்ணாடிமேல் உருட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. ஆனால் வீட்டு ஜன்னல் கண்ணாடித் துண்டு மெல்லியதாக இருந்தால் அதுவே வளையும். ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கிறவர்களிடம் உள்ள கண்ணாடிதான் நான் கண்டதில் நல்லது. அந்தக் கற்களை அவர்கள் கண்ணாடிமேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றிக் குப்புறத்தானே வார்க்கிறார்கள், கல்லின் வழவழப்பு முழுக்க அந்தக் கண்ணாடியிடமிருந்து வருவது. ஓரம் சில்லுப் போய் அவர்கள் ஒதுக்கி வைத்த ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். அதன் மேல் ஷாஃப்டை வைத்து, பின்னால் ஒரு டார்ச்சைப் படுக்கவைத்து, மெல்ல உருட்டினால் வளைந்த தண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் ஒரு கோடாக வந்து வந்து மறையும். எங்குமே வெளிச்சம் வராமல் உருண்டால் நேர். வந்து வந்து மறைந்தால் வளைவு, எந்த இடத்தில் வெளிச்சம் அதிகம் வருகிறதோ அங்கே.

கண்ணாடி வளைவு இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு டயல் கேஜ் வேண்டும், லேத்துப் பட்டறையில் இருக்கும். இரண்டு வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளம் உள்ள கட்டை) தண்டைப் படுக்கவைத்து, நடுவில் டயல் முள்ளை ஊன்றி, கையால் ஒரு முழுச் சுற்று. இதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: முள் காட்டுவது உண்மையான வளைவைப் போல இரண்டு மடங்கு. முள் 20 கோடு, அதாவது 0.20 மி.மீ. ஆடினால் தண்டு 0.10 வளைந்திருக்கிறது என்று பொருள்.

0.10 என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பல்சக்கரத்தை யோசித்துப் பாருங்கள். பழைய 450களில் 150 பல் உள்ள, 0.5 மாடியூல் (பல்லின் அளவு) சக்கரம். மோட்டாரில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியனை அதோடு பொருத்தும்போது நாம் என்ன செய்கிறோம், நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்தி, போல்டை முறுக்கி, காகிதத்தை உருவுகிறோம். அந்தக் காகிதத்தின் தடிமன் சுமார் 0.10. அதாவது நாம் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளி முழுவதையும் அந்த வளைவு தின்றுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் பல் இறுகும், எதிர்ப்பக்கம் தளரும். தளர்ந்த இடத்தில் என்றைக்காவது பல் சிரைத்துக்கொண்டு போகும். மேலே தலையிலும் இதே கதைதான். பிளேடோடு சேர்ந்து தலையின் எடை 120 கிராம் என்று வைத்தால், அது மையத்திலிருந்து 0.10 விலகிச் சுற்றுவது 90 கிராம் அளவு விசையை விநாடிக்கு 43 தடவை திசை மாற்றி மாற்றித் தட்டுகிற மாதிரி. ஃப்ளைபார் (தலையை நிலைப்படுத்தும் குறுக்குக் கம்பி) இல்லாத ஹெலிகளில் ஜைரோ சென்சாருக்கு அந்த நடுக்கம் பிடிக்காது, ஹெலி தன்பாட்டுக்குத் தலையாட்டும், வால் வெட்டும், நாமோ கெயினை, அதாவது சென்சாரின் உணர்திறனை, குறைத்துக் குறைத்துப் பார்ப்போம். எத்தனையோ பேர் ஜைரோ கெட்டுவிட்டது என்று மாற்றியதற்குப் பின்னால் வளைந்த ஷாஃப்ட்தான் இருந்திருக்கிறது.

இறுக்கம் ஷாஃப்டால் வருகிறதா, சக்கரமே கோணலா என்று பிரித்துப் பார்க்கவும் எளிய வழி உண்டு. இறுகுகிற இடத்தில் சக்கரத்தில் ஒரு புள்ளி, அதே பக்கத்தில் அதற்கு நேராக ஷாஃப்டில் ஒரு புள்ளி வையுங்கள். போல்டைக் கழற்றிச் சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி மறுபடி மாட்டுங்கள். இறுக்கம் சக்கரத்துப் புள்ளியோடு போனால் குற்றவாளி சக்கரம். ஷாஃப்ட் புள்ளியிலேயே நின்றுவிட்டால் ஷாஃப்ட்.

இப்போது கோட்டம் எடுப்பதைப் பார்ப்போம். எங்கள் ஊரில் யாரும் முதலில் நினைப்பது இதைத்தான். சைக்கிள் ரிம்மிலிருந்து ஆலை ஷாஃப்ட் வரை எல்லாவற்றுக்கும் கோட்டம் எடுக்கிறோம், இதற்கு எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். வளைவு தண்டின் நடுப்பகுதியில் இருந்தால், டயலில் 30 கோட்டுக்குள் இருந்தால், அது 450 அல்லது அதைவிடச் சின்ன ஹெலியாக இருந்தால் எடுக்கலாம். தலையை மாட்டுகிற போல்ட் துளையில் வளைந்திருந்தால் எடுக்கவே கூடாது. 5 மி.மீ. தண்டில் 2 மி.மீ. துளை போட்டால் அங்கே மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள், ஒரு தடவை வளைந்து மறுபடி நிமிர்ந்த இரும்பு அந்த இடத்தில்தான் விட்டுக்கொடுக்கும். அந்தத் துளையில் போகிற போல்டுக்கு ஹெலிக்காரர்கள் ஜீசஸ் போல்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது போனால் கடவுளைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதால்.

நான் என் ஷாஃப்டை எடுத்துக்கொண்டு போன பட்டறைக்காரர் ஆலை ஷாஃப்டுகளில் பழுத்தவர். இரண்டங்குலத் தண்டை லேத்தில் மாட்டி, முள்ளைப் பார்த்துக்கொண்டே கேஸ் கட்டரால் ஒரே இடத்தில் சூடு காட்டி, தண்ணீர் ஊற்றி, அது ஆறும்போது தானே நிமிர்ந்து வருவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். அபாரமான வேலை. என் ஷாஃப்டைக் கையில் வாங்கியதும், "இதுக்கு எதுக்கு தம்பி பிரஸ், லேசா சூடு காட்டினா வந்துரும்" என்றார். "அண்ணே, இது கடினப்படுத்தின இரும்பு, சூடு வேண்டாம்ணே" என்று தடுத்துவிட்டேன். ஆலைத் தண்டு பெரும்பாலும் சாதா இரும்பு, சூட்டை மறந்துவிடும். ஹெலி ஷாஃப்ட் பதம் போட்டது. 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் வரும், 300ஐ நெருங்கினால் நீலம் பாயும், அந்த நீலம் வந்த இடத்தில் பழைய கடினம் இல்லை என்று அர்த்தம். அவர் இதைக் கேட்டுக்கொண்டு, ஒரு பழைய ஹேக்சா பிளேடை எடுத்து முனையில் சூடு காட்டி, நீலம் பாய்ந்ததும் வளைத்துப் பார்த்தார். முதலில் படக்கென்று ஒடிந்த பிளேடு இப்போது மடங்கியது. "சரி, வேண்டாம்" என்று கேஸை மூடினார்.

அப்புறம் செய்தது மூன்று முனை முறை. வைஸின் ஒரு தாடையில் இரண்டு செம்புத் துண்டுகள், சுமார் நாலு சென்டிமீட்டர் இடைவெளியில். எதிர்த் தாடையில் நடுவாக ஒரு செம்புத் துண்டு. டயலில் பார்த்துக் குறித்த மேட்டுப் பக்கம் அந்த ஒற்றைத் துண்டைப் பார்க்கும்படி தண்டை வைத்து, வைஸை மெல்ல மூட வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் விட்டவுடன் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும், அதனால் நேரான நிலையைத் தாண்டி அழுத்த வேண்டும், எவ்வளவு தாண்டி என்பது ஒவ்வொரு தண்டுக்கும் வேறு. கைப்பிடியைக் கால் சுற்று கூட்டுவது, தளர்த்துவது, எடுத்து டயலில் பார்ப்பது, மறுபடி. ஏழாவது தடவைவரை முள்ளில் ஒரு மாற்றமும் இல்லை, எட்டாவதில் 18 கோட்டிலிருந்து 11க்கு வந்தது, பத்தாவதில் 3. அங்கே நிறுத்திவிட்டோம். இன்னும் ஒன்று அழுத்தினால் மறுபக்கம் போய்விடும் என்று அவர் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். சுத்தியல் மட்டும் கூடவே கூடாது. சுத்தியல் பட்ட இடம் நெளியும், அப்புறம் பேரிங் அந்த இடத்தைத் தாண்டி இறங்காது, எமரித் தாளால் தேய்த்தால் தண்டு மெலிந்து பேரிங் ஆடும்.

3 கோடு என்பது உண்மையில் 0.015 வளைவு. மாட்டினேன், பறந்தது, புதிது போலவே பறந்தது. ஏழெட்டு பேட்டரி ஓடிய பிறகு மறுபடி கழற்றி அளந்தபோது 7 கோடு. விழவே இல்லை, தட்டவும் இல்லை. வளைத்து நிமிர்த்திய இரும்புக்குள் இழுவையும் அழுத்தமும் சமமில்லாமல் பூட்டிக் கிடக்கும், நடுக்கத்தில் அது மெல்ல மெல்ல விடும், தண்டு பழைய பக்கமே சாயும். அதோடு ஒரு பக்கம் வளைந்த இரும்பு எதிர்ப்பக்கம் முன்னைவிடச் சுலபமாக வளைந்துவிடும். இந்த இரண்டும்தான் கோட்டம் எடுத்த ஷாஃப்டின் குறை. ஹோவர் பழகுகிறவருக்கு, புதுத் தண்டு வருகிறவரை ஹெலியைச் சும்மா வைக்க மனமில்லாதவருக்கு, அது போதும். ஐந்து பேட்டரிக்கு ஒரு தடவை அளந்துகொண்டே இருக்க வேண்டும். தலைகீழாகப் பறப்பது, டிக்டாக் போன்ற வித்தை அடிப்பது எதுவும் அதில் வேண்டாம்.

புதிது வாங்குவதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நேரான தண்டு, சரியான நீளம், சரியான துளை. கம்பெனித் தண்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம், ஆனால் நான் கண்ணைத் திறந்துதான் மாட்டுகிறேன், ஏனென்றால் ஒரு தடவை மலிவான நகல் தண்டு இரண்டு வாங்கியதில் ஒன்று பையிலிருந்து எடுக்கும்போதே 6 கோடு காட்டியது. இன்னொன்று முற்றிலும் நேர், ஆனால் தொட்டுப் பார்த்தால் பேரிங்கில் கொஞ்சம் லூஸ். கடைக்காரர் மாற்றிக் கொடுக்க மறுத்தார், தூரத்திலிருந்து வாங்கினால் இதெல்லாம் உண்டு. வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், கூடவே ஸ்பிண்டில் இரண்டு, ஷாஃப்ட் பேரிங் ஒரு ஜோடி. தண்டு வளைகிற அளவுக்கு விழுந்த ஹெலியில் பேரிங்கும் அடி வாங்கியிருக்கும். கழற்றிக் கையில் பிடித்து உள் வளையத்தைச் சுற்றினால் மணல் கிடக்கிற மாதிரி நறநறவென்றிருந்தால் அதுவும் போயிற்று.

காத்திருப்புதான் இந்த வழியின் விலை. பழைய மாடல் என்றால் காத்திருந்தும் வராது. என்னிடம் இருக்கிற ஒரு பழைய ஹெலிக்கு உதிரிப்பாகம் எங்கும் இல்லை. அங்கேதான் மூன்றாவது வழி, லேத்தில் செய்வது, இதைத்தான் நான் இப்போது அதிகம் நம்புகிறேன்.

மெயின் ஷாஃப்ட் என்பது எளிமையான பொருள்: ஒரே விட்டம், ஒரு நீளம், மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. சில மாடல்களில் ஒரு பள்ளம். ஒன்வே பேரிங் (ஒரு பக்கம் மட்டும் சுற்றும் பேரிங்) ஓடுகிற ஹெலிகளிலும் அது பெரும்பாலும் தனியான கடினப்படுத்திய ஸ்லீவின் மேல்தான் ஓடும், ஷாஃப்ட் மேல் நேராக இல்லை. உங்களுடையதில் அப்படித்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நேராக ஓடினால் சாதாத் தண்டு பள்ளம் விழுந்துவிடும். முக்கியம் எல்லாம் எந்தக் கம்பியில் செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

பட்டறையில் கேட்டால் முதலில் எம்எஸ் (சாதா இரும்பு) பிரைட் ராடை எடுத்து நீட்டுவார்கள். பார்க்கப் பளபளப்பாக, நேராக இருக்கும். வேண்டாம். இரும்பு எந்த வகையானாலும் லேசாக வளைந்து திரும்புகிற விறைப்பு ஒன்றுதான், அதனால் எம்எஸ் ஷாஃப்ட் போட்டாலும் பறக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஆனால் எம்எஸ் சீக்கிரமே நிரந்தரமாக வளைந்துவிடும், பதம் போட்டு வருகிற ஈஎன் 24 என்கிற கலப்பு எஃகு அதைவிட நிறையத் தாங்கும். சறுக்கி இறங்குகிற ஒரு சின்னத் தட்டலுக்கே எம்எஸ் கோணிவிடும். எவர்சில்வர் ராடும் அப்படித்தான், துருப்பிடிக்காது என்பதைத் தவிர அதில் ஒரு லாபமும் இல்லை.

மதுரைப் பக்கம் கிடைக்கிற கிரவுண்ட் ராட், 3டி பிரிண்டருக்கும் சிஎன்சிக்கும் போடுகிற குரோம் பூசிய லீனியர் ஷாஃப்ட், இது பலருக்கு ஆசை காட்டும். அளவு மிக நேர்த்தி, 5 மி.மீ. தண்டு கூடுதலாக இருக்கவே இருக்காது, குறைந்தாலும் 8 மைக்ரானுக்குள். மேல்தோல் அவ்வளவு கடினம் என்பதால் சாதா எச்எஸ்எஸ் டிரில் துளை போடாது, சறுக்கிக்கொண்டு போய் மையம் தப்பும். கார்பைடு டிரில் இருக்கிற பட்டறையைத் தேடிப் போனால் இந்தக் கம்பி அருமையான ஷாஃப்ட். ஒரு குறை, விழுந்து வளைந்தால் தோலில் விரிசல் விடும், இதைக் கோட்டம் எடுக்க முயற்சியே செய்யக் கூடாது.

எனக்குச் சரிப்பட்டது சில்வர் ஸ்டீல், கருவிகள் செய்கிற ஒரு வகை எஃகுக் கம்பி. கிரைண்ட் செய்த நிலையிலேயே, பதம் போடாமல், மெல்லிய அளவுகளில் கிடைக்கிறது, நேராக இருக்கிறது, துளை சாதாரணமாக விழுகிறது. துளை போட்ட பிறகு சூடாக்கிப் பதம் போடுகிறேன் என்று இறங்காதீர்கள், எண்ணெயில் முக்கியதும் அவ்வளவு மெல்லிய நீளத் தண்டு கோணும், பிறகு மறுபடி கோட்டம்தான். பதம் போடாத சில்வர் ஸ்டீல் கம்பெனித் தண்டைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வளையும், எம்எஸ்ஸைவிட எவ்வளவோ மேல். பெரிய ஹெலிக்கு, 10 மி.மீ. தண்டுக்கு, ஈஎன் 24ஐக் கடைந்து சென்டருக்கு நடுவில் கிரைண்ட் செய்து வாங்கினால் கம்பெனித் தண்டோடு நிற்கும்.

துளைதான் கண்டம். தலைத் துளை மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் தள்ளிப் போனால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோகும், தலையும் சாய்ந்து உட்காரும். பழைய தண்டையும் புதுத் தண்டையும் வி-பிளாக்கில் அடுத்தடுத்துப் படுக்கவைத்து, முனைகள் இரண்டையும் ஒரு தட்டில் முட்டவைத்து, துளையின் தூரத்தைப் பழையதிலிருந்து அப்படியே எடுக்கச் சொல்லுங்கள். துளை போடுவதற்கு முன் குட்டையான சென்டர் டிரிலால் பொட்டு வைக்கச் சொல்லுங்கள், நேராக 2 மி.மீ. டிரிலை இறக்கினால் உருண்டையான முதுகில் அது வழுக்கும். துளை விழுந்ததும் இரண்டு பக்கமும் பிசிறை எடுக்க வேண்டும். என் முதல் தண்டில் பிசிறை விட்டுவிட்டு பேரிங்கை ஏற்றினேன், துளை ஓரத்தில் மாட்டிக்கொண்டு உள் வளையத்தில் கீறல் விழுந்தது, ஒரு பேரிங் வீண். பட்டறைக்காரர் ஆலை வேலையெல்லாம் முடிந்த சாயங்காலத்தில் செய்து கொடுத்தார், கம்பியோடு சேர்த்து 200 ரூபாய் வாங்கினார். மறுநாள் காலை ஹெலி கண்மாயில் இருந்தது.

பழைய பிரிண்டர், சிடி டிரைவ் கம்பிகளைப் பற்றியும் கேட்பார்கள். விட்டம் அமைந்தால் நல்ல தண்டுதான், அமைவது அபூர்வம், துளை போடுவது கடினம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கை அளவு மைக்ரோ ஹெலிகளில் பலவற்றுக்கு ஷாஃப்டே கார்பன், அது வளையாது, நார் நாராகப் பிளக்கும். நகத்தால் நெடுக்க வருடினால் பிளவு தட்டுப்படும். அதைப் பசை போட்டு ஒட்டாமல் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வீட்டு வளவுக்குள் பறக்கவிடும் அந்தச் சின்ன ஹெலிகளுக்குத் தண்டு விலையும் கம்மி.

600க்கு மேல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கோட்டம் எடுப்பது உங்களுக்கு இல்லை, 3 கோடு வந்தாலும் இல்லை. அந்தத் தலையில் சுற்றுகிற சக்தி வேறு. கம்பெனித் தண்டு, இல்லாவிட்டால் டயலோடு கிரைண்ட் செய்த ஈஎன் 24, இரண்டே வழிதான். எதைப் போட்டாலும் முதல் தடவை பிளேடு இல்லாமல், அடுத்த தடவை பிளேடோடு, நீங்கள் பதினைந்து அடியாவது தள்ளி ஒரு சுவரின் பின்னால் நின்று.

450க்கு என் கணக்கு இது. ஸ்பிண்டிலும் கம்பெனி மெயின் ஷாஃப்டும் ஒவ்வொன்று எப்போதும் பெட்டியில் இருக்கும். விழுந்தால் அதை மாட்டுவேன். மாட்டிய அன்றே லேத்தில் சில்வர் ஸ்டீலில் ஒன்று செய்யச் சொல்லிவிடுவேன், அது அடுத்த விபத்துக்கு. புதிதாக ஆர்டர் போட்டது எப்போது வந்தாலும் வரட்டும். கோட்டம் எடுத்த தண்டை இப்போது பறக்கப் போடுவதில்லை, பிரேமில் பேரிங் பிளாக்குகளை நேர் பார்த்து முறுக்குவதற்குக்கூட 7 கோட்டுத் தண்டு உதவாது. ஆனால் அது கண்ணுக்குப் புதிது மாதிரியே இருக்கிறது, பெட்டியில் கலந்துவிட்டால் எனக்கே அடையாளம் தெரியாது. அதனால் இரு முனையிலும் சிவப்பு பெயிண்ட் அடித்து, பட்டறை அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். யாராவது ஹெலி ஷாஃப்டைக் கொண்டு வந்து சூடு காட்டச் சொன்னால் அளவு எடுத்துக் காட்ட அவருக்கு ஒன்று வேண்டும் என்றார்.